கூண்டுக்குள் போன தட்டு

போன வாரம் எங்கள் தெருவில் மறுபடியும் கூண்டு வந்து இறங்கியது. புதுக் கூண்டு, வெள்ளைப் பெயிண்ட். எதிர்வீட்டு மாடியில் ஏற்றி வைத்தவர்கள் கையைத் தட்டிக்கொண்டு இறங்கி வந்து, "குரங்குத் தொல்லை இனி இருக்காது பாட்டி" என்றார்கள். பாட்டி என்றதில் எனக்குக் கோபம் இல்லை. இனி இருக்காது என்றதில்தான் சுருக்கென்றது. இதே பேச்சை நான் பாவாடை சட்டை போட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே கேட்டாகிவிட்டது.

உங்களில் பலருக்கும் என் வயதுதான் இருக்கும். ரேஷன் கடையிலும் கண் ஆஸ்பத்திரியிலும் நாம் முன்னும் பின்னுமாக நின்றிருப்போம். சின்ன வயதில் நமக்கு அரசாங்கம் என்றால் ஒரு மரியாதை இருந்தது, இல்லையா? ஜீப் வந்தால் பின்னாலேயே ஓடிப்போய்ப் பெட்ரோல் வாசம் பிடித்தோம். ஆபீஸ் முத்திரை குத்திய எதுவும் பொய் சொல்லாது என்று நினைத்தோம். எனக்கு அந்த மரியாதை ஒரே கோடைகாலத்தில் கழன்று போயிற்று. அதோடு இன்னும் சிலதும் போயின.

எங்கள் ஊர் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் பஸ் நின்று போகிற சின்ன ஊர். பெயர் வேண்டாம், சொன்னால் சண்டைக்கு வர இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். மேற்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. ஷிப்டு முடிந்து மில் சங்கு ஊதினால் கோவில் அரசமரத்தில் இருக்கும் குரங்குகள் எல்லாம் ஒருமுறை நிமிர்ந்து பார்க்கும். பிறகு தெருவுக்கு இறங்கும். கூரை ஓட்டைப் பிரிக்கும். காயப்போட்ட மோர்மிளகாயை எடுத்துக் கடித்துவிட்டு, உறைத்ததற்கு நம்மை முறைக்கும். எதிர்வீட்டு அத்தை, "இந்தச் சனியனுகளுக்கு ஒரு முடிவு கட்ட ஆளு இல்லையா" என்று விளக்குமாற்றோடு கத்துவாள். சனிக்கிழமை காலையில் அதே அத்தை ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து, "ஆஞ்சநேயா" என்று கன்னத்தில் போட்டுக்கொள்வாள். வாரத்தில் ஆறு நாள் சனியன், சனிக்கிழமை மட்டும் சாமி.

அந்தக் கூட்டத்தில் ஒரு பெண் குரங்கு எனக்குப் பழக்கம். கரண்டுக் கம்பியில் அடிபட்டு இடது கை சூம்பிப் போயிருந்தது. நான் அவளைச் சூம்பி என்றே கூப்பிட்டேன். வயிற்றில் குட்டியைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்கள் மாடிக்கு வருவாள். மற்றதுகள் மாதிரி பிடுங்க மாட்டாள். நான் தட்டில் வேர்க்கடலை வைத்தால் ஒவ்வொன்றாக எடுத்து, உரித்து, தோலை ஒரு பக்கமாகப் போடுவாள். தீர்ந்துவிட்டால் தட்டின் விளிம்பை நகத்தால் தட்டுவாள். அந்தச் சத்தத்துக்காகவே நான் கடலையைக் கொஞ்சம் கொஞ்சமாக வைப்பேன்.

தட்டு என் தட்டு. எனக்குக் காது குத்தியபோது தாய்மாமன் சீரில் வந்தது. எங்கள் மாமா வ. புதுப்பட்டிப் பக்கம் மலையடிவாரத்தில் மாந்தோப்பு வைத்திருந்தார். எவர்சில்வர் என்றால் அன்றைக்குப் பெரிய காரியம். மாமா கடைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, உளியால் புள்ளி புள்ளியாகத் தட்டி என் பெயரை வெட்டி வாங்கி வந்தார். கடைசி எழுத்து சறுக்கிக்கொண்டு விளிம்புக்குப் போயிருக்கும். விரலால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். சாப்பிட்டு முடித்ததும் நான் அதைத் தடவிப் பார்க்காமல் எழுந்ததில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்த ஒரு பையனைக் குரங்கு கடித்துவிட்டது. தெருக்காரர்கள் திரண்டு பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனார்கள். எங்கள் அப்பாவுக்கு அந்த ஆபீசில்தான் வேலை. சுகாதாரப் பிரிவு. கொசு, எலி, தெருநாய், குரங்கு எல்லாம் அவர் தலையில்தான். எப்போதும் அவர் சட்டையில் பிளீச்சிங் பவுடர் வாசம் அடிக்கும். இன்றைக்கும் எங்காவது அந்த வாசம் வந்தால் எனக்கு முதலில் பாசம்தான் வருகிறது, அப்புறம்தான் மற்றது.

கூண்டை எங்கள் மாடியிலேயே வைத்தார்கள். பச்சைப் பெயிண்ட், அடியில் துரு. மேலே தூக்குகிற கதவு, அதில் ஒரு கயிறு. கதவைத் தூக்கிக் கட்டிவிட்டு அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"ஏட்டி, அதுக ஒனக்குத்தான பழக்கம்? நீ கூண்டுக்குள்ள கொண்டு போயி வையி. வைக்கும்போது தட்டைக் கரண்டியால தட்டு. சத்தம் கேட்டா தீனின்னு அதுகளுக்குப் பதியணும்."

"எதுக்குப்பா கூண்டு?"

"ஊருக்குள்ள கெடந்து கல்லடி படுதுகள்ல? அய்யனார் கோவில் மலைக்குக் கொண்டு போயி விடப்போறோம். அருவி இருக்கு, காட்டு நெல்லி இருக்கு. இங்ஙன கெடந்து சாகுறதுக்கு அங்ஙன போயி ராசா மாதிரி இருக்கட்டும்."

நான் நம்பினேன். அப்பா சொன்னால் நம்பாமல் யார் சொன்னால் நம்புவது? தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கடலையும் கரண்டியுமாக மாடி ஏறுவேன். மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று தட்டு. முதலில் கூண்டு வாசலில் வைத்தேன். பிறகு கொஞ்சம் உள்ளே. பிறகு கடைசி மூலையில். முதலில் சூம்பி வந்தாள், அவளைப் பார்த்து மற்றதுகள் வந்தன. போகப்போக நான் கடலை கொண்டுவராத நேரத்தில் தட்டினால்கூட அரசமரத்திலிருந்து மொத்தக் கூட்டமும் ஓடி வந்தது. ஆபீசர் ஒருத்தர் வந்து பார்த்துவிட்டு, "ஒங்க பொண்ணு நல்லா டிரெய்னிங் குடுத்திருக்காய்யா" என்று அப்பாவின் தோளில் தட்டினார். அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும்தான். நான் சூம்பியிடம், "ஒனக்கு அருவியில குளிக்கத் தெரியுமாட்டி?" என்று கேட்டேன்.

மூடப்போகிற நாளை எனக்குச் சொல்லவில்லை. அன்றும் தட்டினேன், அன்றும் வந்தன. எல்லாம் உள்ளே போனதும் மாடிப்படிக்குப் பின்னாலிருந்து அப்பா கயிற்றை விட்டார். கதவு விழுந்த சத்தத்தில் அரசமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்தன. மற்றதுகள் கம்பியில் மோதிக் கத்தின, ஒன்றை ஒன்று கடித்தன. சூம்பி மட்டும் மூலையில் குட்டியை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு என்னைப் பார்த்துத் தட்டின் விளிம்பை நகத்தால் தட்டினாள். அவளுக்கு இன்னும் கடலை வேண்டும் போல. அல்லது கதவைத் திற என்றாளோ, எனக்கு இன்றுவரை தெரியாது.

உள்ளே கையை விட்டுத் தட்டை எடுக்க யாருக்கும் துணிச்சல் இல்லை. தட்டோடு கூண்டை லாரியில் ஏற்றினார்கள். அப்பா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எனக்குக் கை காட்டினார். எதிர்வீட்டு அத்தை தெரு முழுக்கப் பால்கோவா கொடுத்தாள்.

மறுநாள் விடிந்த பிறகுதான் அப்பா வந்தார். நான் வாசலிலேயே நின்றிருந்தேன்.

"விட்டாச்சாப்பா?"

"விட்டாச்சு. கதவத் தெறந்ததும் குடுகுடுன்னு ஓடிப்போயி அருவியில தண்ணி குடிச்சுதுக. சூம்பி மரத்துல ஏறிட்டு ஒரு தடவ திரும்பிப் பாத்துச்சு."

"தட்டு?"

"அது பாறையில உருண்டு போச்சுட்டி. வேற வாங்கிக்குவோம்."

திரும்பிப் பார்த்தாள் என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. விட்டாச்சு என்பதோடு நிறுத்தியிருக்கலாம். நான் அழாமல் இருக்கவேண்டும் என்று சேர்த்தார் என்று இப்போது புரிகிறது. புரிந்தால் மட்டும் ஆறிவிடுமா?

பங்குனியில் நச்சரித்து அவரை அய்யனார் கோவிலுக்குக் கூட்டிப் போகவைத்தேன். ராஜபாளையத்தில் பஸ் மாறி, அப்புறம் வெயிலில் நடை. மடியில் கடலைப் பொட்டலம். அருவியில் தண்ணீர் நூலாக விழுந்தது. பாறை சூட்டில் கால் வைக்க முடியவில்லை. மரங்களில் குரங்குகள் இருந்தன. அப்பா அண்ணாந்து பார்த்து, "அந்தா பாரு, சூம்பி" என்று கை காட்டினார். அந்தக் குரங்கு இரண்டு கையாலும் கொப்பைப் பிடித்து அடுத்த மரத்துக்குத் தாவியது. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல், "சாமி கும்பிட்டுப் போவோம், பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார். கேட்டால் இன்னொரு பொய் வரும் என்ற பயம். பொட்டலத்தை அங்கேயே பாறையில் வைத்துவிட்டு வந்தேன்.

சித்திரையில் ஒரு நாள் மாமா வந்தார். சப்பட்டை மாம்பழ சீசன். வழக்கமாகக் கூடை கூடையாகக் கொண்டுவருவார். வீடே மணக்கும், மூக்கில் மாங்காய்ப் பால் பட்டு எனக்குப் புண் வரும். அந்த வருடம் ஒரு சாக்குப்பையை அவிழ்த்துக் கொட்டினார். எல்லாம் ஒரு கடி கடித்து எறிந்த காய்.

"அக்கா, தோப்புல இதான் மிச்சம்" என்றார். "எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியல. ஒரு கூட்டம் வந்து எறங்கியிருக்கு. எங்க பக்கத்துக் கொரங்கு தகரத்தை அடிச்சா காட்டுக்குள்ள ஓடிரும். இது அப்படி இல்ல அத்தான். நான் தகரத்தை அடிக்க அடிக்க ஓடி வருது! எம்புட்டு அடிக்கமோ அம்புட்டு வருது. வந்து முன்னால உக்காந்து என் கையப் பாக்குது."

அம்மா சிரித்துவிட்டாள். அப்பா சிரிக்கவில்லை.

"சனிக்கெழம விரதம் இருக்கவன் நான். கல்லெடுத்து எறியவும் கை வரல" என்றபடியே மாமா பைக்குள் கையை விட்டு இன்னொன்றை எடுத்தார். "அது கெடக்கட்டும். இத எப்பிடிக்கா தொலைச்ச? எங்க தோப்பு ஓடையில கெடந்துச்சு. நான் குடுத்த சீருல்ல?"

என் தட்டு. ஒரு பக்கம் நசுங்கி, பச்சைப் பெயிண்ட் ஒட்டி. சறுக்கின கடைசி எழுத்து அப்படியே இருந்தது.

"மாமா," என்றேன், "அதுல ஒண்ணுக்கு எடது கை சூம்பியிருக்குமா?"

"ஆமா மருமகளே. ஒனக்கெப்பிடித் தெரியும்?"

அப்பா எழுந்து கை கழுவப் போனார். அவர் அப்போது எதுவும் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை.

அம்மாதான் கேட்டாள். "ஏங்க, அய்யனார் கோவில்னு சொன்னீக?"

அதற்குப் பிறகுதான் கூண்டு, தட்டு, லாரி என்று உண்மை முழுக்க வந்தது. லாரி மலையடிவாரம் போய்ச் சேர்ந்ததும் அங்கே இருந்த காட்டிலாகா காவல்காரர்கள் மறித்துவிட்டார்கள். ஊர்க் குரங்கைக் காட்டுக்குள் விட அவர்களுக்கு உத்தரவு இல்லை. திரும்பக் கொண்டுவந்தால் வேலையில் இருக்க வேண்டாம் என்று இங்கே ஆபீசர் சொல்லியிருந்தார். இவர்கள் ஒரு காகிதம் எழுதிக் கேட்கவில்லை, அவர்கள் ஒரு காகிதம் எழுதிச் சொல்லவில்லை. நடுவில் லாரியில் குரங்குகளோடு எங்கள் அப்பா.

"டிரைவர் எங்க போவணும்னு கேட்டான் மாப்ள" என்றார் அப்பா. "எனக்குத் தெரிஞ்ச அடிவாரம் ஒங்க ஊரு ஒண்ணுதான். பொண்ணு எடுத்த ஊரு, பாதை பழக்கம். அப்பிடியே மலைக்கு ஏறிரும்னு நெனச்சேன்."

மாமா தட்டைத் திருப்பி என் பெயரைப் பார்த்தார். "எம் மருமகளுக்குக் குடுத்த தட்டுல வச்சுப் பழக்கி, எம் தோப்புலயே கொண்டாந்து எறக்கியிருக்கீக. மூணு மாசமா நான் ஊரு ஊரா ஆளு தேடுதேன் அத்தான், எந்தப் பாவி விட்டதுன்னு."

அம்மா தண்ணீர்ச் செம்பை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. கூடப்பிறந்தவள் கையால் தண்ணீர் வாங்காமல் ஒருத்தர் படியிறங்கிப் போவது எவ்வளவு பெரிய காரியம் என்று நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. "சீரு குடுத்தவன் நானு. நானே கொண்டு போறேன்" என்று தட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார்.

அதன் பிறகு மாமா படியேறாத ஆபீஸ் இல்லை. ஒரு இடத்தில், "அது டவுன் குரங்கு, பிடிச்சவங்களைக் கேளுங்க" என்றார்கள். இன்னொரு இடத்தில், "மலையடிவாரத்துல இருந்தா அது காட்டுக் குரங்கு, அவங்களைக் கேளுங்க" என்றார்கள். பக்கத்துத் தோப்புக்காரர்கள் மாமாவிடம் பேச்சை நிறுத்தினார்கள். அவர் மச்சான் விட்ட குரங்குதானே! அவர் விளைச்சலும் போய், பழியும் அவர் தலையிலேயே விழுந்தது. கடைசியில் ஒரு வழியாகக் கூண்டு கொடுக்கச் சம்மதித்தார்கள். ஆனால் பழக்கின அந்தப் பெண் வந்து தட்டினால்தான் குரங்குகள் உள்ளே போகும் என்று எவரோ சொல்லியிருக்கிறார்கள்.

லீவில் அம்மா என்னைத் தோப்புக்குக் கூட்டிப் போனாள். அம்மாவுக்குத் தம்பியோடு பேசிவிட வேண்டும். மாமா அவளிடம் முகம் கொடுக்கவில்லை, என்னிடம் மட்டும் பேசினார். தோப்பில் புளித்த மாங்காய் வாடை, எங்கும் ஈ. சூம்பி ஒரு கொப்பில் உட்கார்ந்திருந்தாள். இளைத்துப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து என் பாவாடை நுனியைப் பிடித்தாள். அவள் என்னைக் கடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கூண்டோடு வந்த ஆபீசர் கரண்டியை என் கையில் கொடுத்தார். "தட்டு பாப்பா."

"எங்க கொண்டு போவீங்க?"

"மலைக்குத்தான்."

"எந்த மலைக்கு?"

அவர் மேற்கே பொதுவாகக் கையைக் காட்டினார். நான் கரண்டியைக் கிணற்றுக்குள் எறிந்தேன். அம்மா அடிக்கக் கை ஓங்கினாள். மாமா தடுத்தார். "விடுக்கா. அவ தட்ட மாட்டா. தட்டவும் வேண்டாம்." தன் தோப்பு அழிவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு அவர் அப்படிச் சொன்னார். பெரியவர்களில் என்னை ஏமாற்றாதவர் அவர் ஒருத்தர்தான்.

இரண்டொரு நாள் கழித்து, காலையில் தோப்புக் கிணற்றடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது. தோப்புகளுக்கு அப்பால் எங்கேயோ. விரட்டுகிற அடி இல்லை. மெதுவாக மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று தட்டு. தலைக்கு மேல் கொப்புகள் சலசலவென்று ஆடின. மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் ஓடியது. நான் வாயில் நுரையோடு, "போகாத, சூம்பி, போகாத" என்று கத்திக்கொண்டே ஓடினேன். செத்த நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது வரப்பில் வாழைப்பழத் தோல்கள் கிடந்தன. பழத்துக்குள் பயிருக்கு வைக்கிற குருணை மருந்து. சூம்பி வாயில் நுரை தள்ளிக் கிடந்தாள். குட்டி அவள் மேல் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவளோடு இன்னும் சிலதும் கிடந்தன.

தட்டினது யாரென்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. ஆனால் அடக்கத்துக்கு ஊரே வந்தது. குரங்கு செத்தால் மனுசருக்குச் செய்கிற மாதிரி செய்யவேண்டும் என்பது அங்கே வழக்கம். கொட்டு, மாலை, சந்தனம், நெற்றியில் காசு. மருந்து வைத்தவனும் அந்தக் கூட்டத்தில் நின்று பூப்போட்டிருப்பான். கூண்டு கொண்டுவந்த ஆபீசரும் வந்து செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். அப்பாவும் வந்தார். பெரிய ரோஜா மாலை. மாமா என் தட்டைச் சூம்பியின் தலைமாட்டில் வைத்து, "மாலைய இதுல வைங்க அத்தான்" என்றார். அப்பா வைத்தார். குனிந்தவர் என் பெயரைப் பார்த்திருப்பார். நான் அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அங்கே யார் முகத்தையும் எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

நான் பெரியமனுசி ஆனபோது தாய்மாமன் சீர் வரவில்லை. தூரத்துச் சொந்தத்தில் ஒருத்தரை நிறுத்திச் சடங்கு செய்தார்கள். மாமா மரத்தை எல்லாம் வெட்டிவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போனார். அம்மா அதன் பிறகு பிறந்த ஊருக்குப் போகவே இல்லை. மாம்பழ சீசனில் மட்டும் ஒரு மாதிரி இருப்பாள். அப்பா தன் கடைசிக் காலத்தில் ஒரே ஒரு தடவை, "அன்னைக்கு எனக்கு வேற வழி தெரியலட்டி" என்றார். தெரியவில்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அருவியில் தண்ணீர் குடித்தது என்று சொன்னாரே. அதை நான் மன்னிக்கவில்லை.

சூம்பியைப் புதைத்த இடத்தில் இப்போது சின்னதாக ஒரு ஆஞ்சநேயர் கோவில். கம்பிக் கதவு. உள்ளே சங்கிலி போட்டுக் கட்டிய என் தட்டில் வாழைப்பழம் வைக்கிறார்கள். கம்பிக்குள் ஒரு குரங்கும் கை விடுவதில்லை. தீபாராதனைக்கு மணி அடித்தால் மரத்தில் இருப்பதெல்லாம் மலையைப் பார்த்து ஓடுகின்றன. அந்த ஊரில் இப்போது தகரம் அடித்தால் குரங்கு வராது. திட்டம் நிறைவேறியது என்று யாரும் எழுதிக்கொள்ளலாம்.

இன்று காலை காபி ஆற்றிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு மாடியிலிருந்து சத்தம் வந்தது. மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று தட்டு. முட்டி வலியைப் பார்க்காமல் ஏறிப் போனேன். எதிர்வீட்டு அத்தையின் கொள்ளுப்பேத்தி, இரண்டாம் வகுப்பு, கூண்டு வாசலில் கரண்டியோடு நின்றிருந்தாள். பக்கத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பையன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

"எங்க தம்பி கொண்டு போய் விடுவீங்க?"

"மலைக்குத்தான் பாட்டி."

"எந்த மலைக்கு?"

அவன் மேற்கே பொதுவாகக் கையைக் காட்டினான்.

குழந்தையின் கையிலிருந்து தட்டை வாங்கினேன். புதுத் தட்டு. திருப்பிப் பார்த்தேன், மிஷினில் அழகாக அவள் பெயர் வெட்டியிருந்தது. "யாரு குடுத்ததுட்டி?" என்றேன். "எங்க மாமா, காதுகுத்துக்கு" என்றாள்.

தட்டை எடுத்துக்கொண்டு அவளையும் கீழே கூட்டி வந்துவிட்டேன். அவள் அம்மா தட்டைக் கேட்டு இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டாள். கூண்டு போகட்டும், தருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.